கண்காட்சிக்கு வராத கோழி

பிள்ளைகளைக் கோழி வளர்க்கப் பழக்க வேண்டுமானால் முதலில் பெற்றவர்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. என் கோபம் எங்கள் அலுவலகத்தில் எல்லா மாடிக்கும் தெரியும். அப்படியிருந்தும் போன வாரம், பக்கத்து இருக்கைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் பெண் என்னிடம்தான் வந்து கேட்டாள். மகனுக்கு ஏழு வயதாம். கையிலிருந்து போனைப் பிடுங்கினால் தரையில் புரண்டு அழுகிறானாம். இரண்டு கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தால் சரியாவானா என்றாள். அவன் சரியாவானோ மாட்டானோ, வீடு நாறும், அதற்குத் தயாராக இரு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஒரு பழுப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்முற்றத்தில் நிற்கும் என் மகள் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றாள்.

அப்போது நாங்கள் வடக்கே தலைநகரில், லக்ஷ்மிபாய் நகரின் பழைய அரசாங்கக் குடியிருப்பில், கீழ்த்தளத்தில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சுவர் வைத்த ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு வேப்பமரமும் துணி துவைக்கும் கல்லும் உண்டு. இப்போது அந்த வரிசை முழுவதையும் இடித்து அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குக் கட்டிவிட்டார்கள். எங்களுக்கு ஆர்.கே.புரத்தில் மூன்றாம் மாடி. மகள் புனேயில் வேலை பார்க்கிறாள், மகன் சென்னையில் படிக்கிறான். பால்கனியில் துணி காயப்போட இடம் இருக்கிறது, வேறொன்றுக்கும் இல்லை. அந்த முற்றத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

கோழி வந்தது என் வீட்டுக்காரர் செய்த வேலை. அவருடைய அலுவலக நண்பர் ஒருவருக்கு நஜஃப்கட் பக்கம் வீடு, மாடு, கோழி எல்லாம் இருந்தன. ஒரு சாயங்காலம் இவர் பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே நான்கு குஞ்சுகள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தபின் நான் என்ன கத்தி என்ன பயன்? அன்று இரவு சாப்பாட்டில் இவருக்கு அப்பளம் கிடையாது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நான்கில் ஒன்றைப் பூனை தூக்கியது. ஒன்று டிசம்பர் குளிரில் போனது. அதற்குப் பிறகுதான் மகளுக்கு விஷயம் பிடிபட்டது. மரப்பெட்டிக்குள் பல்பு கட்டித் தொங்கவிட்டாள், தண்ணீர்க் கிண்ணத்தில் குஞ்சு விழாமல் கூழாங்கல் போட்டாள். மூன்றாவது வளர்ந்து சேவலாகி விடியுமுன்னே கூவத் தொடங்கியது. மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் படியிறங்கி வந்துவிட்டார். சேவல் வந்த வழியே பஸ்ஸில் நஜஃப்கட் போனது. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை, கழுத்தில் செம்பு நிறம், வாலில் கறுப்பு. என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொண்டதில், கடைசிவரை அது வெறும் கோழியாகவே இருந்தது.

ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால், கோழி வளர்த்த பிறகு பிள்ளைகள் கறியை விட்டுவிட்டார்களா என்பார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்க் கடைக்கு இட்லி அரிசி வாங்கப் போனால், கோழிக்கு நொய்யும் எங்களுக்குக் கோழிக்கறியும் ஒரே பையில்தான் வரும். அது வேற கோழி என்று என் மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஈரல் துண்டைத் தேடுவான்.

அவனுக்கு அப்போது எட்டு வயது, மகளுக்குப் பதினொன்று. மகன் ஓட்டப்பந்தயத்தில் கெட்டிக்காரன். பள்ளியில் என்ன போட்டி வைத்தாலும் கழுத்தில் எதையாவது மாட்டிக்கொண்டு வருவான். முன்னறை அலமாரிக் கைப்பிடியில் அவன் மெடல்களும் ரிப்பன்களும் கொத்தாகத் தொங்கும். அலமாரியைத் திறந்தால் கலகலவென்று சத்தம் வரும். மகளுக்கு அதில் ஒரு நூல்கூடக் கிடையாது. படிப்பிலும் நடுவில், பாட்டிலும் நடுவில். அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நல்ல பெண்தான், ஆனால் சுமார் என்று ஒரு புன்னகையோடு சொன்னாள். அந்தப் புன்னகையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மகள் சட்டை எடுக்க அலமாரியைத் திறக்கும்போது, சத்தம் வராமல் அந்தக் கொத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன்.

குஞ்சுகள் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின், ஹோலிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மைதானத்தில் நாய்க் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் வளர்க்கும் கோழி, புறா, முயலுக்கு ஓரமாகத் தனிப்பந்தல் என்று முன்கூட்டியே பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். பறவை நன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். பிள்ளை அதை எப்படிப் பிடிக்கிறது, கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்றும் பார்ப்பார்களாம். மகள் அன்று பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அம்மா, ரிப்பன் தருவாங்களாம் என்றாள்.

அதிலிருந்து இரண்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜை கோழிக்குத்தான். அது மேஜைமேல் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். வலது கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரண்டு காலையும் விரலிடுக்கில் பிடித்து, தலை தன் முழங்கைப் பக்கம் வரும்படி அணைத்துத் தூக்க வேண்டும். இறக்கையை விசிறி மாதிரி விரித்துக் காட்ட வேண்டும். பேன் இருக்கிறதா என்று இறகை ஊதிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் எங்கள் வீட்டில் கொத்து வாங்காதவர் பாக்கி இல்லை. ஜட்ஜ் வேஷம் என் வீட்டுக்காரருக்கு. கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஹிந்தியில் கேள்வி கேட்பார். இந்தக் கோழி என்ன சாப்பிடும்? எத்தனை மாதத்தில் முட்டையிடும்? மகள் கணீரென்று பதில் சொல்வாள். பள்ளியில் வாயே திறக்காத பெண்ணா இவள் என்று நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். காலைப் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி, கொண்டைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் கோழி கல்யாணப் பெண்போல மினுமினுக்கும். ரிப்பன் நிச்சயம் என்று நானே நம்பிவிட்டேன். சொல்லப்போனால் அவளைவிட எனக்குத்தான் அந்த வெறி அதிகம்.

பிப்ரவரியில் ஒரு நாள் கோழி கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை. கிட்டே போனால் உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு கர்ரென்றது. மகளுக்குப் பயம், நோய் வந்துவிட்டது என்று. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அடியில் முட்டைகூட இல்லை, கோழி அங்கேயே முட்டையிடட்டும் என்று இவர் போட்டு வைத்திருந்த ஒரு உருளைக்கிழங்குதான் இருந்தது. ஊரில் இதற்கு வைத்தியம் உண்டு. தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகைச் சொருகுவார்கள், அடை கலைந்துவிடும். நான் வாளியை எடுத்தேன். மகள் குறுக்கே நின்றுகொண்டு, குளிரில் அதை முக்கினால் தானும் வாளிக்குள் உட்காருவேன் என்றாள். மகன் தன் பங்குக்குக் குஞ்சு வேண்டும், குஞ்சு வேண்டும் என்று ஒரே பாட்டு. இவர் கணக்குப் போட்டார். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, உடனே முட்டை வைத்தால் அதற்கு முன்பே பொரித்துவிடும், அன்றைக்கு ஒரு இரண்டு மணி நேரம் குஞ்சுகளைப் பல்புக்கு அடியில் விட்டுவிட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு போய்வரலாம் என்றார். எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சேவல் இல்லாத வீட்டு முட்டை பொரிக்காது. ஆகவே நஜஃப்கட் நண்பரிடமிருந்து பத்து முட்டைகள் வந்தன, மடியில் வைத்து, பஸ்ஸில். அன்று வியாழக்கிழமை. அப்போதே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இவர் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தார். மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. ஒரு உயிர்க் காரியம், அஷ்டமி நவமியிலா வைப்பது என்றார். அன்றைக்கே வைக்கலாமே என்றால் இருட்டிவிட்டதாம். நானும் பெரிய பகுத்தறிவுக்காரி இல்லை, சரி என்றேன். முட்டைகள் இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தசமி, நல்ல ஓரை பார்த்து வைத்தோம். ஒற்றைப்படையாக வைக்க வேண்டும் என்று ஒரு முட்டையை இவரே ஆம்லெட் போட்டுக்கொண்டார். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்கக் கூடைக்குள் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வற்றல் மிளகாய் போட்டேன். துணி எடுக்க வந்த மாடி ஆன்ட்டி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். கோழி, கரி, மிளகாய். உயிரோடேயே தந்தூரி போடப் போகிறீர்களா என்று கேட்டார். அன்றைக்கு முற்றத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மகள்தான் விரல் விட்டு எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை வைத்தது. இருபத்தொரு நாள் என்றால் மறுபடி ஞாயிற்றுக்கிழமை. கண்காட்சி நாள். எண்ணிவிட்டு இன்னொரு தரம் எண்ணினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். நாளும் ஓரையும் பார்த்த மனிதர், அதே காலண்டரில் மூன்று வாரம் தள்ளிப் புரட்டிப் பார்க்கவில்லை. நான் இவரை என்னென்ன சொன்னேன் என்பது எழுதத் தக்கதல்ல. அஷ்டமியாம், நவமியாம். ஆனால் கூடவே நின்று சரி என்றவளும் நான்தானே. ஒரு நாள் முந்திப் பொரிக்கும், சில கோழிக்கு அப்படி நடக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெள்ளி போனது. சனியும் போனது. கூடை அமைதியாக இருந்தது.

ஞாயிறு காலை நான் முடிவோடுதான் எழுந்தேன். கோழியைத் தூக்குகிறோம், முட்டைகளைப் பல்புக்கு அடியில் பஞ்சு வைத்துப் பொதிகிறோம், ஆட்டோவில் போகிறோம், ரிப்பனை வாங்குகிறோம், வருகிறோம். மகள் பள்ளி ஸ்வெட்டர் போட்டு இரட்டைச் சடை பின்னித் தயாராக நின்றாள். இருபது நாள் அடையில் கோழி மெலிந்து, கொண்டை வெளுத்து, நெஞ்சு இறகைத் தானே பிடுங்கி வைத்திருந்தது. பரவாயில்லை, காலுக்கு எண்ணெய் தடவிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். மகள் கையை அடியில் கொடுத்து, பழகினபடியே தூக்கினாள். அவள் பிடிக்கு அது இன்னும் அடங்கியது. நான் முட்டைகளை எடுக்கக் குனிந்தேன். ஒன்றில் சின்னதாக விரிசல் விழுந்திருந்தது.

மகள் கோழியைக் கக்கத்தில் வைத்தபடியே தரையில் மண்டியிட்டு, காதைக் கூடைக்குள் வைத்தாள்.

"அம்மா, உள்ளேருந்து ஆவாஸ் வருது."

நானும் கேட்டேன். ஓட்டுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சன்னமான சத்தம். அதைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கோழி தொண்டைக்குள்ளேயே மெதுவாகப் பதில் சொன்னது. அத்தனை மாதத்தில் அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. உள்ளே மறுபடி கீச் என்றது. இது மறுபடி பதில் சொன்னது. மகள் என்னைப் பார்த்தாள். நான் பல்பைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். ரெண்டு மணி நேரந்தானே, ஒண்ணும் ஆகாது, வா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கோழியைக் கூடையில் இறக்கி வைத்துவிட்டாள். அது கால்களை அகட்டி, ஒவ்வொரு முட்டையாக அலகால் உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது.

"கோழி வரலைம்மா. நான் மட்டும் போறேன்."

"ஏட்டி, கோழி இல்லாம கோழி ஷோவுக்குப் போயி என்ன செய்யப் போறே?"

தன் பெயரைக் கூப்பிடுவார்களே, யாரும் இல்லையென்றால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்களே என்றாள். அவளை இழுத்து அணைத்துக்கொள்ளவா, நாலு வைக்கவா என்று தெரியவில்லை. மகனையும் இவரையும் கூடைக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஆட்டோ ஏறினோம்.

பந்தலில் நீள மேஜை போட்டு, பிள்ளைகளுக்கு நம்பர் எழுதிய கம்பிக்கூண்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் பஞ்சு மாதிரி வெள்ளைக் கோழி. ஒன்றில் காலில் இறகு முளைத்த சின்னச் சேவல், வெளிநாட்டு ஜாதியாம். என் மகளுடைய கூண்டு காலி. அதன் பின்னால் நேராக நின்றாள். பெற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஜட்ஜ் நரைத்த மீசை வைத்த கால்நடை டாக்டர், ஒவ்வொரு கூண்டாக வந்தார். வெள்ளைக் கோழிக்காரப் பையனிடம் இது என்ன சாப்பிடும் என்று கேட்டார். பையன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னாள்.

காலிக் கூண்டுக்கு வந்ததும் அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். கோழி எங்கே என்றார்.

"மேரி முர்கி கர் பே ஹை, சர். ஆஜ் உஸ்கே பச்சே நிகல் ரஹே ஹைன்."

கோழி வீட்டில் இருக்கிறது, இன்றைக்குக் குஞ்சு வெளியே வருகிறது என்று அவள் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் எத்தனை முட்டை என்றார். என்றைக்கு வைத்தீர்கள் என்றார். கோழியை எப்படித் தூக்குவாய் என்றார். அவள் வெறும் கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி, விரலிடுக்கில் இல்லாத காலைப் பிடித்து, இல்லாத தலையை முழங்கைப் பக்கம் திருப்பி, இல்லாத இறக்கையை விரித்துக் காட்டினாள். பக்கத்துக் கூண்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கையை இறக்கவில்லை. அவர் தலையாட்டினார், ஷாபாஷ் என்றார், அடுத்த வருஷம் கோழியைக் கூட்டி வா என்றார், அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ரிப்பன் கொடுத்தார்கள். சிவப்பு ரிப்பன் வெள்ளைக் கோழிக்கு. வந்த கோழிக்கெல்லாம் கடைசியில் ஆளுக்கொரு சின்ன மஞ்சள் ரிப்பன். என் மகளுக்கு அதுவும் இல்லை, கூண்டில் கட்டப் பறவை இல்லையாம்.

கயிற்றைத் தாண்டிவிட்டேன். காற்று வேறு பலமாக அடித்துக்கொண்டிருந்தது. முந்தானை ஒரு பக்கம் பறக்க, நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்றேன். திருநெல்வேலி வாயில் வந்த ஹிந்தி. கோழி இல்லாமல் இத்தனையும் சொன்ன பிள்ளை இங்கே நிற்கிறாள், கோழியை வைத்துக்கொண்டு ஒரு பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சிவப்பு ரிப்பனா, பிள்ளைகளுக்குப் போட்டியா, கூண்டுக்குப் போட்டியா என்று கேட்டேன். அவர் பாவம், மேடம் மேடம் என்று இரண்டடி பின்னால் போனார். விதி அப்படி என்றார். விதியை எழுதியது யார் என்றேன். ஜனம் கூடிவிட்டது. என் மகள்தான் வந்து முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா, விடு, ஜல்தி வீட்டுக்குப் போகலாம், வெளியே வந்திருக்கும் என்றாள்.

ஆட்டோ பிடித்து ஏறினோம். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். ரிப்பனும் போச்சு, மானமும் போச்சு. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். தெரியவில்லை.

வீட்டு வாசலிலேயே மகன் குதித்துக்கொண்டிருந்தான். ஆறு வந்துவிட்டதாம். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக்கு ஓடினாள். கோழியின் இறக்கைக்கு அடியில் ஒரு மஞ்சள் தலை, ஒரு கறுப்புத் தலை. அவள் எப்போதும்போலக் கையை மெதுவாக நெஞ்சுக்கு அடியில் நீட்டினாள். இரண்டு மாதம் மேஜைமேல் அவள் சொன்னபடி நின்ற கோழிதான்; ஆனால் தனக்காகவே ஒரு ரிப்பனை விட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள் என்று அதற்குத் தெரியுமா? எழுந்து நின்று, இரண்டு இறக்கையையும் விரித்து, கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து, புறங்கையில் ஒரே கொத்து. சதை கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அந்தக் கோழிமேல் பாய்ந்தது. நன்றி கெட்ட ஜென்மமே, உனக்காகத்தானடி இவள் காலிக் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றாள் என்று விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன். மகள் என் கையைப் பிடித்தாள். ரத்தம் வழிகிற கையாலேயே பிடித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டாதம்மா. அங்க நீ கைய விரிச்சுக்கிட்டுப் போனியே, அதே மாதிரிதான் இதுவும். நல்ல அம்மா."

விளக்குமாற்றைக் கீழே போட்டேன். துணி துவைக்கும் கல்லில் அவளை உட்கார வைத்து, குழாய்த் தண்ணீரில் காயத்தைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணி கட்டினேன். அவள் வலிக்கவில்லை என்றாள். பிறந்த வீட்டில், புகுந்த வீட்டில், அலுவலகத்தில், எத்தனையோ பேர் என் கோபத்தைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பாராட்டாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.